தூங்குகிறவருக்கு முன்னால்

தை பிறந்து மக்காச்சோள அறுவடை முடிகிற நாட்களில், பெரம்பலூரிலிருந்து ஆத்தூர் போகும் சாலையின் ஓரம் மஞ்சளாகிவிடும். எசனை, வேப்பந்தட்டை, கிருஷ்ணாபுரம் என்று ஊருக்கு ஊர் தார்ச்சாலையில்தான் சோளம் காயும். கருங்கல்லையும் முள் கொத்தையும் வரிசையாக வைத்து எல்லை கட்டியிருப்பார்கள். பொழுது சாய்ந்ததும் சோளத்தைக் கூட்டிக் குவித்து, தார்ப்பாய் போர்த்தி, பக்கத்திலேயே சாக்கை விரித்துப் படுத்துக்கொள்வார்கள். பெரும்பாலும் வயதானவர்கள். பிள்ளைகள் திருப்பூருக்கோ சென்னைக்கோ வேலைக்குப் போயிருக்க, காவலுக்கு மிஞ்சுவது தாத்தாவும் பாட்டியும்தான். இரவுப் பேருந்தின் ஜன்னலிலிருந்து பார்த்தால் முகப்பு விளக்கின் வெளிச்சம் அவர்கள் மேல் ஏறி இறங்குவது தெரியும். கை எட்டும் தூரத்தில் லாரிகள் போகும். அவர்கள் புரண்டுகூடப் படுப்பதில்லை.

எதை நம்பி அப்படித் தூங்குகிறார்கள் என்று பல இரவுகள் யோசித்திருக்கிறேன். வண்டி ஓட்டி வருகிறவர் யார் என்று அவர்களுக்குத் தெரியாது. அந்த மனிதர் விழித்திருப்பார், கல்லைப் பார்ப்பார், ஒதுங்கிப் போவார் என்ற ஒன்றுதான் பிடிமானம். தூக்கத்தில் மனிதருக்கு ஆயுதம் இல்லை, பதவி இல்லை, எதிர்த்துப் பேச வாய் இல்லை. அவர் அருகே விழித்திருக்கிறவர் யாராக இருந்தாலும் அந்த நேரத்துக்கு அவருக்கு அரசர். எழுப்பலாம், அடிக்கலாம், திருடலாம், போர்த்திவிடலாம், பேசாமல் தாண்டிப் போகலாம். ஒரு நாட்டை ஆள்கிறவரை எதை வைத்து அளப்பது என்ற கேள்விக்குப் பெரிய பெரிய பதில்கள் இருக்கின்றன. எனக்கு இந்தச் சின்ன அளவுகோல் போதும் என்று தோன்றிவிட்டது: அவர் விழித்திருக்கும்போது யாரால் பயமில்லாமல் தூங்க முடிகிறது?

இந்தக் கேள்வியை எனக்குள் முதலில் விதைத்தது பள்ளிக்கூடத்தில் படித்த ஒரு புறநானூற்றுச் செய்தி. தகடூர் எறிந்த பெருஞ்சேரல் இரும்பொறையின் அரண்மனைக்கு மோசிகீரனார் என்ற புலவர் வருகிறார். நடந்து வந்த களைப்பு. உள்ளே ஒரு கட்டில், அதன் மேல் எண்ணெய் நுரையை அள்ளிப் பரப்பினாற்போல் மென்மையான பூக்கள். ஏறிப் படுக்கிறார், தூங்கிவிடுகிறார். அது வீரமுரசு வைக்கும் கட்டில். முரசை அப்போது நீராட்ட எடுத்துப் போயிருந்தார்கள். அந்தக் காலத்தில் முரசு வெறும் கருவி இல்லை. மயில் பீலியும் உழிஞையும் சூட்டி, குருதிப் பலி கொடுத்து, தெய்வமாக வைத்திருந்தார்கள். காவல் மரத்தை வெட்டினாலும் முரசைக் கைப்பற்றினாலும் அந்த அரசன் தோற்றான் என்றே பொருள். அப்படிப்பட்ட கட்டிலில் மனிதர் ஏறினால் வாளால் இரண்டு துண்டு. அதுதான் முறை.

அரசன் வந்து பார்க்கிறான். வெட்டவில்லை. கவரியை எடுத்து, புலவர் விழிக்கும் வரை வீசிக்கொண்டு நிற்கிறான்.

பள்ளியில் இதை அரசனின் தமிழ்ப்பற்றுக்குச் சான்றாகச் சொல்லித் தந்தார்கள். மோசிகீரனாரும் தம் பாட்டில் அப்படித்தான் பாராட்டுகிறார். எனக்கு இப்போது அதைவிடப் பெரியதாகப் படுவது அந்த நேரத்தின் நீளம். வாளை உறையிலேயே விட்டுவிடுவது ஒரு கணத்து முடிவு. வீசிக்கொண்டு நிற்பது அப்படியில்லை. களைத்துப் போனவர் தூங்கினால் ஒரு நாழிகையில் எழுந்துவிடுவாரா? நீராட்டிய முரசு ஊர்வலமாகத் திரும்பி வந்திருக்கும். தூக்கி வந்தவர்கள் வாசலில் நின்றிருப்பார்கள். பூசை செய்கிறவருக்கு நேரம் தப்பிவிடுமே என்ற பதைப்பு இருந்திருக்கும். நாட்டின் காவல் தெய்வமே ஒரு மனிதர் தூங்கி எழுவதற்காகக் காத்திருந்தது. பாட்டில் இவை எதுவும் இல்லை. ஆனால் முரசை நீராட்டப் போனவர்கள் எப்போதாவது திரும்பித்தானே ஆகவேண்டும்?

இந்த இரும்பொறையை மென்மையான மனிதன் என்று நினைத்துவிடக் கூடாது. பெயரிலேயே தகடூரை அழித்த செய்தி இருக்கிறது. இன்றைய தருமபுரிதான் தகடூர். அங்கே அதியமானைத் தோற்கடித்தவன் இவன். இரும்பொறை மரபினர் கற்பனைப் பாத்திரங்களும் அல்லர். கரூர் பக்கத்துப் புகளூர் மலையில் தமிழி எழுத்தில் அவர்களுடைய மூன்று தலைமுறைப் பெயர்கள் வெட்டப்பட்டிருக்கின்றன. வேப்பந்தட்டையிலிருந்து கிளம்பினால் அரைநாள் பயணத்தில் போய்ப் பார்த்துவிடலாம். ஊரை அழித்த கையும் கவரி வீசிய கையும் ஒன்றுதான். அதனால்தான் கதை இன்னும் உறுத்துகிறது.

கவரி கீழிருந்து மேல் நோக்கி வீசப்படுவது. ஏவலர் அரசருக்கு வீசுவார், பக்தர் சாமிக்கு வீசுவார். அந்தத் திசை ஒரு பகல் பொழுது மாறியது. இப்படித் திசை மாறிய கை ஒன்றை எங்கள் பக்கத்தில் கல்லிலும் பார்க்கலாம். அரியலூர் மாவட்டத்துக் கங்கைகொண்ட சோழபுரத்தில், கங்கை வரை படை அனுப்பிய ராஜேந்திரன் எடுப்பித்த கோயிலின் வடக்கு வாசல் படிகளை ஒட்டி, சிவன் தம் முன் பணிந்திருக்கும் சண்டேசரின் தலையில் தம் கையாலேயே பூமாலையைச் சுற்றுகிறார். தந்தையின் காலை வெட்டிய பிள்ளை அந்தச் சண்டேசர். முறைப்படி பார்த்தால் தண்டனைக்கு உரியவர். அவர் தலையில்தான் மாலை. ராஜேந்திரன் தன்னையே அந்தச் சண்டேசராகக் காட்டிக்கொண்டான் என்று கலை வரலாற்று அறிஞர்கள் சிலர் சொல்வார்கள். வெளியே, பொன்னேரி என்று இன்று அழைக்கப்படும் சோழகங்கம் ஏரியை அவன் வெற்றித் தூணாகவே வெட்டினான். திருவாலங்காட்டுச் செப்பேடு அதை நீரால் ஆன தூண் என்கிறது. உள்ளே, குனிந்த தலை. இரண்டும் சேர்ந்துதான் அந்த அரசன்.

முரசுக் கட்டிலைக் காத்ததைப் போன்ற விதிகளை நாட்டுக்கு நாடு தேடிப் படித்தபோது என்னை நெடுநேரம் நிறுத்தி வைத்தது ஹவாய். பசிபிக் கடலின் நடுவே இருக்கும் அந்தத் தீவுகளில், தலைவர்களைச் சுற்றி ‘கபு’ என்ற விலக்கு விதிகள் வேலி போட்டிருந்தன. உயர்குலத் தலைவர் வருகிறார் என்று குரல் கேட்டால் எல்லோரும் தரையில் முகம் பதித்துப் படுத்துவிட வேண்டும். சாமானியர் ஒருவரின் நிழல் தலைவர் மேலோ அவர் வீட்டின் மேலோ விழுந்தால் மரணம். இதைப் படிக்கும் தமிழர் எவருக்கும் நிழல் என்ற இடத்தில் ஒரு தடுமாற்றம் வரும். நிழல் பட்டால் தீட்டு என்பதை நாம் தூர தேசத்து விசித்திரமாகப் பார்க்க முடியாது. நம் தெருக்களில் நடந்ததுதான்.

தப்பிக்க வழியே இல்லாமலும் இல்லை. கபுவை மீறியவர் துரத்துகிறவர்களுக்கு முன்னால் ஓடி ஒரு புகலிடத்தின் மதிலுக்குள் நுழைந்துவிட்டால் பூசாரி அவருக்குச் சடங்கு செய்து குற்றம் நீக்கி வீட்டுக்கு அனுப்புவார். ஹவாய்ப் பெருந்தீவின் மேற்குக் கரையில் ஹோனவுனவு என்ற இடத்தில் அந்தக் கல் மதில் இன்றும் நிற்கிறது. இன்னொன்றும் படித்தேன். தாம் பகலில் வெளியே போனால் வழியெல்லாம் மக்கள் தரையில் விழ வேண்டியிருக்குமே என்று, மிக உயர்ந்த கபுவைப் பிறப்பிலேயே பெற்ற தலைவர்கள் சிலர் இரவில் மட்டும் நடமாடினார்களாம். விதியை மாற்ற அவர்களுக்குத் துணிவு வரவில்லை. ஆனால் பிறர் தூங்கும் நேரமாகப் பார்த்துத் தங்கள் நடையை வைத்துக்கொண்டார்கள். அதிகாரம் உள்ளவரின் இரக்கம் பல நேரங்களில் இந்த அளவோடு நின்றுவிடுகிறது என்றாலும், அந்த இருட்டு நடையை என்னால் சிறியது என்று தள்ள முடியவில்லை.

அந்தத் தீவுகளை ஒரே ஆட்சியின் கீழ் கொண்டுவந்தவர் கமேஹமேஹா. இளம் தலைவராக இருந்தபோது புனா என்ற கடற்கரைப் பகுதியில் அவர் திடீர்த் தாக்குதல் நடத்தினார். கரையில் நின்றவர்கள் மீனவர்கள். போருக்கு வந்தவர்கள் இல்லை. அவர்கள் ஓட, இவர் துரத்த, எரிமலைப் பாறையின் பிளவில் இவர் கால் மாட்டிக்கொண்டது. ஓடிக்கொண்டிருந்த மீனவர் ஒருவர் திரும்பி வந்து துடுப்பால் அவர் தலையில் ஓங்கி அடித்தார். துடுப்பு சிதறியது. கொல்ல முடிந்தும் கொல்லாமல் போய்விட்டார். ஆண்டுகள் கழித்து, கமேஹமேஹா பேரரசரான பிறகு, அடித்தவரைப் பிடித்துக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். தலைவரின் தலையைத் தொட்டாலே சாவு, இவரோ உடைத்தவர். கமேஹமேஹா சொன்ன தீர்ப்பு: நிரபராதிகளைத் தாக்கப் போனது நான், தவறு என்னுடையது. மீனவரை விடுவித்து நிலமும் கொடுத்தார் என்கிறது மரபு. அதன் தொடர்ச்சியாக 1797இல் ஒரு சட்டம் அறிவித்தார். உடைந்த துடுப்பின் சட்டம் என்று பெயர். முதியவரும் பெண்ணும் குழந்தையும் வழியோரத்தில் படுத்திருந்தால் அவர்களுக்கு எந்தத் தீங்கும் நேரக் கூடாது; மீறுகிறவருக்கு மரணம்.

வழியோரத்தில் படுத்திருப்பது. ஓர் அரசர் தம் மக்களுக்கு எதைத் தரலாம் என்று யோசித்தால் நிலம், நெல், நீதி, படை என்று எத்தனையோ இருக்கின்றன. தலையில் அடிபட்ட இந்த மனிதர் தேர்ந்தெடுத்தது தூக்கத்தை. யார் முன்னால் அஞ்சித் தரையில் விழ வேண்டியிருந்ததோ, அவரே இப்போது அஞ்சாமல் தரையில் படுக்கலாம் என்கிறார். ஹவாய் மாநிலத்தின் அரசமைப்பில் 1978இல் இந்தச் சட்டம் பொதுப் பாதுகாப்பின் அடையாளமாகச் சேர்க்கப்பட்டது. ஹொனலுலு காவல்துறையின் சின்னத்தில் குறுக்காக வைத்த துடுப்புகள் இருக்கின்றன.

சீன மரபில் தூக்கத்தைப் பற்றிய கதைகள் வேறு நிறம் காட்டுகின்றன. கி.மு. 4ஆம் நூற்றாண்டில் ஹான் என்ற சிறு நாட்டை ஆண்ட ஜாவ் பிரபு ஒரு நாள் குடித்துவிட்டு அப்படியே தூங்கிவிட்டார். கிரீடத்தைக் கவனிக்கும் பணியாளர், பிரபுவுக்குக் குளிருமே என்று ஓர் ஆடையை எடுத்துப் போர்த்தினார். விழித்ததும் பிரபுவுக்கு மகிழ்ச்சி. யார் போர்த்தியது என்று கேட்டார், தெரிந்ததும் இருவரைத் தண்டித்தார். ஆடைக்குப் பொறுப்பானவரை, வேலையைச் செய்யாததற்காக. கிரீடத்துக்குப் பொறுப்பானவரை, தன் வேலை அல்லாததைச் செய்ததற்காக. இதை எழுதிவைத்த ஹான் ஃபெய் இதில் குறை காணவில்லை. ஆட்சி நடத்துவது எப்படி என்பதற்கு நல்ல எடுத்துக்காட்டாகத்தான் சொல்கிறார். குளிரைவிட எல்லை மீறல் ஆபத்தானது என்பது அவர் வாதம். நான் இந்தக் கதையை முதலில் படித்தபோது கோபப்பட்டேன். பிறகு, நான் பார்த்த அலுவலகங்களை நினைத்துக்கொண்டேன். ‘இது உன் வேலையா?’ என்ற கேள்விக்கு அஞ்சி, குளிரில் கிடப்பவரைத் தாண்டிப் போகிற எத்தனை நல்லவர்களை இந்த முறை உருவாக்கி வைத்திருக்கிறது!

அதே சீனத்தில், பின்னாளில் அரசரான படைத்தலைவர் லியு பெய் இருக்கிறார். அவர் கி.பி. 207இல் ஆலோசனை கேட்க ஜுகே லியாங் என்ற இளைஞரின் ஓலைக் குடிலுக்கு மூன்று முறை போனது வரலாற்று நூலிலேயே உண்டு. பின்னாளில் 14ஆம் நூற்றாண்டில் உருவான ‘மூன்று அரசுகள்’ நாவல் அதற்கு ஒரு தூக்கத்தைச் சேர்த்தது. மூன்றாம் முறை போகும்போது அந்த இளைஞர் பகல் தூக்கத்தில் இருக்கிறார். லியு பெய் எழுப்பவில்லை. படியருகே கைகட்டி நிற்கிறார். உடன் வந்த ஜாங் ஃபெய்க்குப் பொறுக்கவில்லை. பின்பக்கம் போய்த் தீ வைக்கிறேன், அப்போது எழுகிறாரா பார்ப்போம் என்கிறார். அரசன் நிற்பதும், அருகில் ஒருவர் தீ வைக்கத் துடிப்பதும் எல்லா அரசவையிலும் நடக்கிற நாடகம்தான். இரும்பொறையின் அருகிலும் ஒரு ஜாங் ஃபெய் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றிருக்கக் கூடும்.

இன்னும் பழைய சீனக் கதையில் அரசரே படுக்கிறார். ஷாங் வம்சத்தை நிறுவிய தாங் காலத்தில் பல ஆண்டுகள் மழை இல்லை. நரபலி கேட்கிறது தெய்வம் என்று குறி சொல்கிறது. என் மக்களுக்காகத்தான் மழை கேட்கிறேன், பலியும் நானே ஆகிறேன் என்று தலைமுடியையும் நகத்தையும் களைந்துவிட்டு மல்பெரித் தோப்பில் தம்மைப் பலிப்பொருளாக ஒப்புக்கொடுக்கிறார். மழை வருகிறது. வானம் பார்த்த பூமியில் பருத்தியும் சோளமும் போடுகிற எங்கள் வட்டத்து விவசாயி யாரிடம் இந்தக் கதையைச் சொன்னாலும் நம்புவார் என்று எனக்குப் படுகிறது. மழை வந்ததை அல்ல, வறட்சிக்கு மேலே இருப்பவர் பொறுப்பேற்க வேண்டும் என்பதை.

எங்கள் மாவட்டத்தில் தூக்கம் கேட்ட ஒரு தெய்வமும் உண்டு. சிறுவாச்சூர் மதுரகாளியம்மன். மதுரையில் அரசன் விசாரிக்காமல் கொடுத்த ஓர் ஆணையால் எல்லாம் இழந்த கண்ணகி, சினம் அடங்காமல் நடந்து நடந்து இங்கே வந்தாள் என்பது ஊர்க்கதை. வந்தவள் செல்லியம்மனிடம் கேட்டது ராத்தங்க ஓர் இடம். செல்லியம்மனோ ஒரு மந்திரவாதிக்குக் கட்டுப்பட்டுத் தவித்துக்கொண்டிருந்தாள். மந்திரவாதியை மதுரகாளி அழித்தாள். செல்லியம்மன் இடத்தை அவளுக்கே விட்டுவிட்டுப் பெரியசாமி மலைக்குப் போய்விட்டாள். அநியாயத்தால் விரட்டப்பட்ட ஒரு பெண்ணுக்கு முதலில் தேவைப்பட்டது சிம்மாசனம் இல்லை, ஒரு ராத்திரி கண்ணை மூட இடம் என்று யோசித்த அந்த முதல் கதைசொல்லியை நான் மிகவும் மதிக்கிறேன். இந்த மண்ணில் நிம்மதியாகப் படுக்க முடியாத காலங்களும் இருந்தன. இதே மாவட்டத்தில் ரஞ்சன்குடிக் கோட்டை இருக்கிறது, வாலிகண்டபுரம் இருக்கிறது. 1751இல், ஆற்காட்டு நவாப் பதவிப் போட்டியில், முகமது அலிக்காக ஆங்கிலேயரும் சந்தா சாகிபுக்காகப் பிரெஞ்சுக்காரர்களும் இங்கே மோதினார்கள். படை போகிற பாதையில் யார் திண்ணையில் படுத்திருப்பார்?

அரசர்களை விட்டு வீட்டுக்கு வருகிறேன். சொல்ல வந்ததே அதுதான்.

எங்கள் வீட்டு வாசலில் வேம்படியில் தாத்தாவின் கயிற்றுக் கட்டில் ஒன்று கிடக்கும். தாத்தா போன பிறகும் அது தாத்தாவின் கட்டில்தான். வீட்டுப் பிள்ளைகள் ஏறிக் குதிக்கலாம். வேலைக்கு வருகிறவர்கள், அதிலும் ஊருக்கு வெளியே இருந்த தெருவிலிருந்து வருகிறவர்கள், அதில் உட்கார மாட்டார்கள். யாரும் வாய்விட்டுச் சொன்ன விதி இல்லை. எல்லோருக்கும் தெரிந்த விதி. ஒரு சின்ன வெங்காய அறுவடையின்போது தாள் அறுக்க வந்த பெண்களில் ஒருவருக்கு நல்ல காய்ச்சல். மற்றவர்கள் கஞ்சி குடிக்கப் போன நேரத்தில் அவர் நடந்து வந்து அந்தக் கட்டிலில் சாய்ந்து, அப்படியே தூங்கிவிட்டார். திரும்பி வந்த பெண்கள் பார்த்துவிட்டுப் பேச்சை நிறுத்தினார்கள். அப்பாயி உள்ளேயிருந்து வந்தார். அவர் குரலுக்குத் தெருவே அடங்கும். கொஞ்ச நேரம் நின்று பார்த்தார்.

“வெயிலு மூஞ்சில அடிக்குது பாரு. நாலு பேரு புடிச்சுக் கட்டில நெழலுக்குத் தள்ளுங்கடி. குலுக்காதீங்க.”

கட்டில் நகர்ந்தது. தூங்கியவர் விழிக்கவில்லை. பின்னாளில் கல்லூரியில் மோசிகீரனார் பாட்டைத் திரும்பப் படித்தபோது எனக்கு இரும்பொறையின் முகம் அப்பாயியின் முகமாகவே தெரிந்தது. அந்தப் பெருமிதம் எனக்கு இன்றும் உண்டு.

ஆனால் அன்று மாலை அதே பெண்ணுக்குக் காபி கொடுத்தது கொட்டகைச் செத்தையில் செருகி வைத்த தம்ளரில். வீட்டுத் தம்ளரில் இல்லை. கட்டில் நகர்ந்தது, தம்ளர் இருந்த இடத்திலேயே இருந்தது. அப்பாயிக்கு இரண்டுக்கும் நடுவே எந்த முரணும் தெரியவில்லை. ஒன்று மனசு, இன்னொன்று முறை.

இந்த இடத்தில்தான் எனக்கு இரும்பொறை போதாமல் போகிறான். அவன் வெட்டாமல் விட்டது அறியாமல் ஏறிய ஒரு புலவரை. அறிந்தே ஏறினால்? புலவராக இல்லாமல் முரசைச் சுமந்து களைத்த ஆளாக இருந்தால்? அந்தப் பாட்டு கருணையைப் பாடுகிறது. கூடவே, வாள் எப்போதும் தயாராக இருந்தது என்பதற்கும் அதுவே சாட்சி. கவரி வீசி முடித்த மறுநாள் முரசு தன் கட்டிலுக்குத் திரும்பியிருக்கும், விதியும் திரும்பியிருக்கும். கமேஹமேஹா செய்தது இதைத் தாண்டியது. தன்னை அடித்த ஒருவரை மன்னித்ததோடு நிற்காமல், தான் முகம் பார்த்திராத எல்லா முதியவருக்கும் பெண்ணுக்கும் குழந்தைக்கும் அதை விதியாக்கினார். கருணை ஒருவரைத் தூங்கவிடுகிறது. சட்டம் யார் தூங்குகிறார் என்று கேட்காமலேயே தூங்கவிடுகிறது. வழியோரம் படுக்கிறவருக்கு இரண்டாவதுதான் வேண்டும்; ஒவ்வோர் இரவும் ஓர் இரும்பொறை வருவான் என்று காத்திருக்க முடியாது.

நம் நாட்டிலும் சட்டம் இந்த இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறது. 2011 ஜூன் 4 நள்ளிரவில் டெல்லி ராம்லீலா மைதானத்தில் உண்ணாவிரதப் பந்தலில் தூங்கிக்கொண்டிருந்த கூட்டத்தைக் காவல்துறை எழுப்பிக் கலைத்தது. உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டு 2012 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. அதில் நீதிபதி பி.எஸ்.சௌகான் தனியாக எழுதிய பகுதியில், தூக்கமும் 21ஆம் பிரிவு காக்கும் வாழ்வுரிமையில் அடங்கும் என்றார். 2021இல் தமிழ்நாட்டில் கடைகளில் நாளெல்லாம் நின்று வேலை செய்கிறவர்களுக்கு இருக்கை தரவேண்டும் என்று சட்டம் திருத்தப்பட்டது. ஜவுளிக்கடைப் பெண்களின் கால் வீக்கம் சட்டசபை வரை போய்ச் சேர அத்தனை காலம் ஆகியிருக்கிறது. சட்டம் வந்துவிட்டால் எல்லாம் முடிந்துவிடும் என்றும் நான் சொல்லவில்லை. துடுப்புகளைக் காவல்துறைச் சின்னத்தில் வைத்திருக்கும் அதே ஹொனலுலு நகரம், 2014இல் வைகீகி நடைபாதைகளில் உட்காரவும் படுக்கவும் தடை போட்டது. வீடற்றவர்கள் மேல் விழுந்தது அந்தத் தடை.

தூக்கத்தைவிடக் கடினமான இடம் சாப்பாடு என்பதையும் ஹவாயிடமிருந்தே தெரிந்துகொண்டேன். வழியோரம் படுக்கிறவரைக் காத்த கமேஹமேஹா, கபுவை மட்டும் சாகும்வரை விடவில்லை. ஆண்களும் பெண்களும் சேர்ந்து சாப்பிடக் கூடாது, பன்றி இறைச்சியும் வாழைப்பழமும் தேங்காயும் பெண்கள் தொடக் கூடாது என்ற விதிகள் அவர் ஆட்சி முழுவதும் இருந்தன. மனசையும் முறையையும் தனித்தனியே வைத்திருந்த எங்கள் அப்பாயியைப் போலத்தான் அவரும். 1819 மே மாதம் அவர் இறந்தார். அந்த ஆண்டு முடிவதற்குள் கபுவை உடைத்தவர்கள் இரண்டு பெண்கள். ஒருவர் காஅஹுமனு, கமேஹமேஹாவின் மனைவியரில் செல்வாக்கு மிக்கவர். இன்னொருவர் கேயோபுவோலனி. தீவுகளிலேயே உயர்ந்த குலத்தில் பிறந்தவர். யார் முன்னால் எல்லோரும் தரையில் விழ வேண்டுமோ அவர். கபு அழிந்தால் அவரைவிட அதிகம் இழக்கப்போகிறவர் யாரும் இல்லை. அவர்தான் முதலில் தம் சின்ன மகனை அருகே உட்காரவைத்து எல்லோரும் பார்க்கச் சேர்ந்து சாப்பிட்டார். நவம்பரில் நடந்த விருந்தில் புதிய அரசர் லிஹோலிஹோ ஆண்களின் பந்தியிலிருந்து எழுந்து பெண்களின் பந்தியில் போய் உட்கார்ந்து சாப்பிட்டார். அமெரிக்கப் பாதிரிமார்கள் வந்து சேர்வதற்குச் சில மாதங்கள் முன்பே நடந்த மாற்றம் இது. வெளியிலிருந்து யாரும் சொல்லித் தந்து செய்தது அல்ல. அந்த டிசம்பரிலேயே விதியைக் காக்க ஒரு படை திரண்டது. குவாமோ என்ற இடத்தில் அரசரின் உறவினர் கெகுவாஓகலனியும் அவர் மனைவி மனோனோவும் போரிட்டு மாண்டார்கள். பழைய விதியை உண்மையாகவே நம்பி உயிர்விட்ட அவர்களையும் நான் இழிவாக நினைக்கவில்லை.

அப்பாயி இருக்கும்வரை செத்தையில் அந்தத் தம்ளர் இருந்தது. அதை எடுத்தது அம்மா. தாள் அறுக்க ஆட்கள் வந்த ஒரு நாள், எல்லோருக்கும் ஒரே தட்டில் வீட்டுத் தம்ளர்களை அடுக்கிக் காபி கொண்டுவந்தார். யாரும் எடுக்கவில்லை. கட்டிலில் தூங்கிய அதே பெண்தான், இப்போது தலை நரைத்தவர், “நாங்க கொட்டாயிலயே குடிச்சுக்கிறோம் தாயி, எதுக்கு வம்பு” என்றார். அம்மா தட்டோடு நின்றுகொண்டே இருந்தார். பிறகு தாமே ஒரு தம்ளரை எடுத்துக்கொண்டு அவர்களோடு தரையில் உட்கார்ந்தார். அதன் பிறகும் மூன்று பேர்தான் எடுத்தார்கள். மற்றவர்கள் எடுக்க அடுத்த அறுவடை வரை ஆனது.